ஒண்ணு எடு, பக்கத்துல குடு

நாங்கள் வறுத்துக் கொடுத்த கோழியைத் தின்றுவிட்டு, அதே கோழியை எங்களுக்கு எதிராகச் சாட்சி சொல்ல வைத்தார் ஹால்ஸ்டெட் துரை. 'வைத்தார்' என்று மரியாதை கொடுத்து எழுதுவதுகூடப் பழக்க தோஷம்தான். அவருடைய கெளுத்தி மீன் தொழிற்சாலையில் கத்தி பிடிக்கிறவள் நான். சம்பளம் கொடுக்கிற கை என்பதால் நாக்கு தானாகவே வளைந்துகொடுக்கிறது.

பெல்ஃபோர்ட் என்கிற எங்கள் டெல்டா ஊரில் எங்களுக்கு இருந்தது ஒரே ஒரு பாலர் பள்ளி. சிவப்புச் செங்கல் கட்டடம், கறுப்புப் பிள்ளைகளைத் தனியாக உட்காரவைத்த காலத்தில் கட்டியது. டீச்சர் சம்பளம், சாப்பாடு, வேன், எல்லாவற்றுக்கும் பணம் வாஷிங்டனிலிருந்து வரும். கட்டடம் மட்டும் கவுண்டிக்கு, அதாவது எங்கள் மாவட்ட நிர்வாகத்துக்குச் சொந்தம். வாடகை கிடையாது, வருஷா வருஷம் கவுண்டி வாரியம் கையைத் தூக்கி, சரி இன்னும் ஒரு வருஷம் இருங்கள் என்று சொல்லும். இந்த வருஷம் கை தூக்க மனசு வரவில்லை. குளிர்காலத்தில் மெம்பிஸிலிருந்தும் ஜாக்சனிலிருந்தும் வாத்து வேட்டைக்கு வருகிறார்களே, அவர்கள் உட்கார்ந்து காபி குடிக்க ஒரு வரவேற்பு இல்லம் வேண்டுமாம். சுவரில் பஞ்சு அடைத்த வாத்து, மூலையில் கணப்பு அடுப்பு. அதற்கு எங்கள் பள்ளிக்கூடம்தான் தோதாக இருந்ததாம்.

வாரியத்தின் தலைவர் யார் என்று கேட்கிறீர்களா? அவரேதான். மீனும் அவருடையது, வாத்து இறங்குகிற நிலமும் அவருடையது.

எனக்கு என்ன போயிற்று என்று கேட்டால், என் மகள் அமரையா போயிருப்பாள். அதைச் சொன்னால்தான் என் கோபம் புரியும்.

மூன்று வயது முடிகிறவரை அவள் பேசவே இல்லை. வேண்டியதை விரலால் காட்டுவாள், கொடுக்காவிட்டால் தரையில் விழுந்து உருளுவாள். அவள் அப்பா ஆற்றில் சரக்குப் படகில் வேலை. மாதத்தில் பாதி தண்ணீரிலேயே போய்விடும். நான் கத்தியோடு நிற்பேன். பிள்ளையை என் ஒன்றுவிட்ட அக்கா வீட்டில் விட்டுவிட்டுப் போவேன். அங்கே காலையில் போட்ட டிவி ராத்திரிதான் நிற்கும். "உன் பொண்ணு ஊமைடி, லட்ரீஸ், ஒத்துக்கோ," என்பாள் அக்கா. மாமியார் வீட்டுப் பக்கம் "திமிரு" என்றார்கள். நானும் திமிர் என்று நினைத்து அவள் தொடையில் அடித்திருக்கிறேன். எந்த அம்மாதான் அடிக்கவில்லை.

பாலர் பள்ளியில் சேர்த்த முதல் வாரத்திலேயே எர்லீன் டீச்சர் என்னைக் கூப்பிட்டார். எர்லீன் டீச்சருக்கு அறுபது வயதிருக்கும். குரல் கரடுமுரடு, பிள்ளைகள்மேல் மட்டும் பஞ்சு.

"லட்ரீஸ், இவ பின்னாடி நின்னு கூப்பிட்டா திரும்ப மாட்டேங்கிறா. முன்னாடி வந்து கூப்பிட்டா சிரிக்கிறா. இது திமிரில்லம்மா. காது."

அங்கே சேருகிற எல்லாப் பிள்ளைக்கும் காது, கண், பல் பார்ப்பார்கள். அது அந்தப் பள்ளிக்கூடத்தின் சட்டம். பார்த்தார்கள். செவிப்பறைக்குப் பின்னால் நீர் கோத்துக்கொண்டிருந்தது. தண்ணீருக்குள் மூழ்கி இருந்துகொண்டு எங்கள் பேச்சைக் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறாள் என் பிள்ளை. பள்ளி வேனிலேயே டாக்டரிடம் கூட்டிப் போனார்கள். காதில் அரிசி அளவு குழாய் ஒன்று வைத்தார்கள். அதற்குப் பிறகு பேச்சு சொல்லிக்கொடுக்க ஒரு டீச்சர் வாரா வாரம் வந்தார். இதெல்லாம் தானம் இல்லை. என் சம்பளத்தில் வரி பிடிக்கிறார்கள், ஹால்ஸ்டெட் துரை பிடித்துத்தான் கொடுக்கிறார்.

அவள் பேசக் கற்றது சாப்பாட்டு மேஜையில்.

எங்கள் பள்ளியில் யாரும் யாருக்கும் பரிமாறுவதில்லை. முழங்கால் உயரத்துக்கு வட்ட மேஜை. டீச்சரும் அந்தக் குட்டி நாற்காலியில்தான் உட்கார வேண்டும், அதே சோற்றைத்தான் சாப்பிட வேண்டும். பீன்ஸ் ஒரு கிண்ணத்தில் வரும், கேரட் ஒரு கிண்ணத்தில் வரும். பிள்ளை தானே எடுத்துப் போட்டுக்கொண்டு அடுத்த பிள்ளைக்குக் கிண்ணத்தைத் தள்ளும். பாலைத் தானே ஊற்றும், கொட்டினால் தானே துடைக்கும். சட்டம் மொத்தமே இரண்டுதான். ஒன்று, வீணாக்கக் கூடாது. இன்னொன்றை எர்லீன் டீச்சர் பாட்டு மாதிரி சொல்லுவார்: "ஒண்ணு எடு, பக்கத்துல குடு." கடைசிப் பிள்ளைக்குக் கிடைத்த பிறகு, மிச்சம் இருந்தால் கிண்ணம் இன்னொரு சுற்று வரும்.

என் மகள் வாயிலிருந்து வந்த முதல் முழு வாக்கியம் அதுதான். அம்மா இல்லை, பால் இல்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை வீட்டில் நான் சோளரொட்டியை என் தட்டுக்குப் பக்கத்திலேயே வைத்துக்கொண்டு ஃபோனைப் பார்த்துக்கொண்டிருந்தேன். "ஒண்ணு எடு, பக்கத்துல குடு," என்றாள். நான் எழுந்து குளியலறைக்குள் போய்க் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன்.

வாரியம் முடிவு செய்வதற்கு முன்னால் துரை பள்ளிக்கூடத்தை நேரில் பார்க்க வருகிறார் என்று சேதி வந்தது. ஐந்து பேர் கொண்ட வாரியம். மற்ற நாலு தலையும் துரையின் தலை ஆடுகிற பக்கம் ஆடும். அதனால் அவர் ஒருவரைக் குளிரவைத்தால் போதும் என்று நினைத்தோம். அந்த வருஷம் பெற்றோர் குழுவுக்கு நான் தலைவி. எனக்கு அடுத்து டொரெத்தா. மீன் அறுக்கிற லைனில் என் பக்கத்தில் நிற்பவள், வாய் நீளம், இரட்டைப் பிள்ளைக்காரி.

"கேரட்டும் பீன்ஸுமா போடுவே அந்த மனுஷனுக்கு? ஊர் சிரிக்கும்டி. கோழி வறுப்போம்," என்றாள் டொரெத்தா.

எர்லீன் டீச்சர் மாட்டவே மாட்டேன் என்றார். "அவரு பாக்க வர்றது நம்ம அன்னாட நடப்பைத்தானே? உள்ளதைக் காட்டுங்க. விருந்து வச்சா விருந்தைத்தான் பாப்பாரு."

யார் கேட்டோம்? டெல்டாவில் பிறந்தவர்களுக்கு இது ஒரு வியாதி. கழுத்தை அறுக்க வருகிறான் என்று தெரிந்தாலும், வந்தவனை முதலில் சாப்பிடச் சொல்லாவிட்டால் எங்களுக்குத் தூக்கம் வராது. சனிக்கிழமை முழுக்கக் கோழியை மோரில் ஊறப்போட்டோம். ஆளுக்கொரு சட்டி. டொரெத்தா பீச் பழம் போட்டு மேலே மாவு மூடிச் சுட்ட பலகாரம் ஒன்று செய்தாள். அதன் வாசனைக்கே சண்டை நின்றுபோகும். எல்லாம் எங்கள் வீட்டு அடுப்பு, எங்கள் வீட்டு எண்ணெய். அதை யாரும் எங்கேயும் எழுதி வைக்கவில்லை. விருந்தாளிக்குப் போடுவதை யாராவது எழுதி வைப்பார்களா?

திங்கட்கிழமை மதியம் துரை வந்தார். ஆறடிக்கு மேல் ஆள். குட்டி நாற்காலியில் உட்கார்ந்ததும் முழங்கால் இரண்டும் காதுக்கு வந்துவிட்டது. அமரையா இருந்த மேஜையில்தான் உட்கார வைத்தோம். நானும் டொரெத்தாவும் மத்தியான ஷிஃப்டுக்கு மாற்றிக்கொண்டு வந்து சுவரோரம் நின்றோம். அவர் தட்டைப் பார்த்தார், எங்களைப் பார்த்தார். யாராவது போடுவார்கள் என்று காத்திருந்தார்.

"இங்க நாமளே எடுத்துக்கணும் சார்," என்றார் எர்லீன் டீச்சர்.

"அப்படியா? பேஷ்," என்று சொல்லிவிட்டு, கோழிக் கிண்ணம் அவரிடம் வந்ததும் மூன்று துண்டு எடுத்து வைத்துக்கொண்டார்.

தலைக்கு ஒன்று என்று பார்த்து வைத்த கிண்ணம் அது. சுற்றி வந்து அமரையாவிடம் வரும்போது காலி. அவளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்த டொரெத்தாவின் பிள்ளைக்கும் இல்லை. அமரையா கிண்ணத்துக்குள் பார்த்தாள். கவிழ்த்துப் பார்த்தாள். பிறகு மேஜைக்கு அந்தப் பக்கம் இருந்த துரையைப் பார்த்து, ஒவ்வொரு சொல்லாக, நன்றாக நிறுத்திச் சொன்னாள்:

"ஒண்ணு எடு. பக்கத்துல குடு."

வெளி ஆளிடம் அவள் பேசிய முதல் பேச்சு. எனக்கு நெஞ்சு விம்மிவிட்டது. டொரெத்தா பயத்தில் "ஷ்ஷ், பெரியவங்களை அப்படிச் சொல்லக் கூடாது கண்ணு," என்றாள். துரை வாய்விட்டுச் சிரித்தார். "வாயாடியா இருக்கே! பெரிய ஆளா வருவே நீ," என்று சொல்லிக்கொண்டே மூன்றாவது துண்டைக் கடித்தார். எர்லீன் டீச்சர் தன் துண்டை இரண்டாகப் பிய்த்து இரண்டு பிள்ளைக்கும் வைத்தார். அமரையா சாப்பிட்டாள், ஆனால் அந்த ஆளை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

கிளம்பும்போது துரை வயிற்றைத் தடவிக்கொண்டு, "அருமையான சாப்பாடும்மா," என்றார். நாங்கள் பூரித்துப்போனோம். எங்கள் மூஞ்சிக்கு அதுவே போதுமாயிருந்தது.

வியாழக்கிழமை சாயங்காலம் நீதிமன்றக் கட்டடத்து மாடியில் வாரியக் கூட்டம். ஐந்து பேரும் மேடையில். கீழே நாங்கள், வேலை முடிந்து நேராக வந்தவர்கள். உடம்பில் மீன் வாடை. துரை கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு ஆரம்பித்தார்.

"நான் குழந்தைங்களுக்கு எதிரி இல்ல. அங்க நேர்ல போய்ப் பாத்தேன். அன்பா கவனிச்சாங்க, அதை ஒத்துக்கறேன். ஆனா உண்மையைச் சொல்லணும்னா, அது பள்ளிக்கூடம் இல்ல, பிள்ளை பாத்துக்கற இடம். புஸ்தகத்தைக் கண்ணால காணோம். உக்காந்து சாப்பிடறதைத்தான் பாத்தேன். அதுவும் என்ன சாப்பாடு! வறுத்த கோழி, பீச் பலகாரம். என் வீட்ல வார நாள்ல அப்படி ஒரு சாப்பாடு கிடையாது. ஏழைப் பிள்ளைங்கன்னு சொல்லி அரசாங்கத்துப் பணத்துல இப்படித்தான் நடக்குதுன்னா, நாம யோசிக்க வேண்டியதுதான்."

டொரெத்தா என் கையைப் பிடித்திருந்தாள். நகம் சதைக்குள் போயிற்று.

அவர் நிறுத்தவில்லை. "இன்னொண்ணும் சொல்றேன், தப்பா எடுத்துக்காதீங்க. மூணு வயசுப் பிள்ளை இருக்க வேண்டிய இடம் அம்மா பக்கத்துல. எந்த அரசாங்கமும் அம்மாவுக்கு ஈடாகாது."

கேட்பவர்களும் பேசலாம், ஆளுக்கு மூன்று நிமிஷம். நான் எழுந்தேன். வீட்டில் கண்ணாடி முன்னால் நின்று தயார் செய்ததெல்லாம் ஆவியாகிப் போயிருந்தது.

"அந்தக் கோழி எங்க வீட்டுக் கோழி," என்றேன். "நீங்க வர்றீங்கன்னு வறுத்தோம். எங்க பிள்ளைங்களுக்கு அங்க தினமும் பீன்ஸ்தான். நீங்க மூணு துண்டு எடுத்தீங்க சார். அதுல ரெண்டு, ரெண்டு குழந்தைங்களோடது."

யாரோ சிரித்தார்கள். துரை மேஜையைத் தட்டினார்.

"புஸ்தகத்தைக் காணோம்னீங்க. என் பொண்ணு மூணு வயசு வரைக்கும் பேசல. அவளுக்குக் காது கேக்கலன்னு கண்டுபிடிச்சது அந்தப் பிள்ளை பாத்துக்கற இடம்தான். உங்ககிட்ட ஒரு வார்த்தை பேசினாளே, அந்த வார்த்தையைக் கத்துக்குடுத்தது அந்தச் சாப்பாட்டு மேஜைதான். நாலு வயசுப் பொண்ணுக்குப் புரிஞ்சது உங்களுக்குப் புரியல."

"நேரம் ஆகுதும்மா."

"ஆகட்டும். அம்மா பக்கத்துல இருக்கணும்னு சொன்னீங்க. போன மாசம் பிள்ளைக்குக் காய்ச்சல்னு நான் வீட்ல இருந்தேன். உங்க கம்பெனி எனக்குக் கடைசி எச்சரிக்கை குடுத்திருக்கு. அம்மா வீட்ல இருக்கணும்னு சொல்றதும் நீங்கதான், வீட்ல இருந்தா சீட்டைக் கிழிக்கறதும் நீங்கதான். எந்த வாயால பேசுறீங்க சார்?"

நேரம் முடிந்து சிவப்பு விளக்கு எரிந்தது. ஒலிபெருக்கியை அணைத்துவிட்டார்கள். அப்புறமும் நான் பேசினேன், கேட்டவர்கள் கேட்டார்கள்.

கட்டடத்தைத் திரும்ப எடுத்துக்கொள்ளலாம் என்று கை தூக்கினார்கள். ஐந்து கையும் மேலே போயிற்று. அதில் ஒரு கை எங்களைப் போலவே கறுப்பு. ஊரில் எங்கள் பிணங்களை அடக்கம் பண்ணிச் சம்பாதிக்கிற மனுஷனுடையது. மற்ற நாலு கையைக்கூட ஒரு நாள் மறந்துவிடுவேன், அதை மாட்டேன்.

பள்ளியைக் காலி செய்ய அந்த மாதக் கடைசிவரை தவணை கொடுத்தார்கள். வெளியே வண்டி நிறுத்துமிடத்தில் நின்றுகொண்டிருந்தோம். யாருக்கும் வீட்டுக்குப் போகக் கால் வரவில்லை. டொரெத்தா முகத்தைச் சட்டைக் கையால் துடைத்துக்கொண்டாள்.

"எல்லாம் என்னாலதான். கோழின்னு நான்தான் சொன்னேன்."

"வாயை மூடு. கோழி இல்லன்னா கேரட்டைச் சொல்லியிருப்பான் அந்த ஆள்."

"இப்ப என்னடி பண்றது? பிள்ளைங்களை எங்க விடுறது?"

"எங்க விடணும்னு துரைதான் சொல்லிட்டாரே," என்றேன். கோபத்தில் வந்த கிண்டல்தான். ஆனால் சொல்லி முடித்தபோது கிண்டலாக இல்லை. "அம்மா பக்கத்துல."

டொரெத்தா என்னைப் பார்த்தாள். பிறகு அவள் சிரித்த சிரிப்பை அந்த ஊரில் நான் அதுவரை கேட்டதில்லை.

பள்ளியைப் பூட்டிய பிறகு வந்த முதல் திங்கட்கிழமை, மார்ச் மாதம். தவக்காலம் தொடங்கிவிட்டது. எங்கள் ஊரில் எல்லோரும் பாப்டிஸ்ட், எங்களுக்குத் தவமும் கிடையாது விரதமும் கிடையாது. ஆனால் வடக்கே இருக்கிற கத்தோலிக்கர்கள் வெள்ளிக்கிழமை தோறும் இறைச்சியை விட்டு மீன் தின்பார்கள். அந்த ஆறு வாரந்தான் துரைக்கு அறுவடை. குளங்களிலிருந்து லாரி லாரியாக மீன் வரும், தொட்டித் தண்ணீரில் உயிரோடு. உயிரோடு வந்தால்தான் எடுப்பார்கள். லாரியிலேயே செத்த மீனை யாரும் தொட மாட்டார்கள், குப்பைதான்.

காலை ஷிஃப்டுக்கு நாங்கள் பிள்ளைகளோடு போனோம். லைனில் கத்தி பிடிக்கிறவர்களில் பெரும்பாதி பாலர் பள்ளி அம்மாக்கள். இடுப்பில் ஒன்று, கையில் ஒன்று. வாயில் காவலுக்கு இருந்த ரூஃபஸ் மாமா எங்களைப் பார்த்துத் தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தார்.

"என்னம்மா இது, ஞாயித்துக்கிழமை வேதப் பள்ளிக்கூடமா?"

"துரை உத்தரவு மாமா," என்றாள் டொரெத்தா. "பிள்ளை அம்மா பக்கத்துல இருக்கணுமாம். பேப்பர்லகூட வந்திருக்கு."

சாப்பாட்டுக் கூடத்தில் போய் உட்கார்ந்தோம். நாங்கள் வேலைநிறுத்தம் செய்யவில்லை. வெள்ளைக் கோட்டு மாட்டி, ரப்பர் பூட்ஸ் போட்டு, தலையில் வலை கட்டித் தயாராக இருந்தோம். பிள்ளையைப் பார்த்துக்கொள்ள ஓர் ஆள் கிடைத்த நிமிஷம் லைனுக்கு வருகிறோம் என்று மேஸ்திரி கர்ட்டிஸிடம் சொன்னோம். கத்தி ஓடுகிற இடத்துக்குள் பிள்ளைகளை விடக் கூடாது என்பது அவர்கள் சட்டம்தானே. கர்ட்டிஸ் முதலில் கத்தினான், பிறகு கெஞ்சினான், பிறகு எல்லோருக்கும் கடைசி எச்சரிக்கை என்றான்.

"எனக்கு ஏற்கெனவே கடைசி எச்சரிக்கை குடுத்தாச்சு," என்றேன். "இது எத்தனாவது கடைசி?"

"இத்தனை பேரையும் தூக்கிட்டா, நீ ஒருத்தனே உக்காந்து அறுப்பியா?" என்றாள் டொரெத்தா. "போன வாட்டி நீ கத்தி பிடிச்சப்ப ரெண்டு விரலுக்குத் தையல் போட்டாங்க."

பயம் இல்லை என்று பொய் சொல்ல மாட்டேன். வேலை போனால் அந்த ஊரில் வேறு வேலை கிடையாது. ஆனால் பயத்துக்கு மேலே கோபம் உட்கார்ந்திருந்தது, அது கனமாக இருந்தது, அதனால் நான் எழவில்லை.

எர்லீன் டீச்சர் தன் பழைய காரில் பள்ளிக்கூடத்துக் கிண்ணங்களைப் போட்டுக்கொண்டு வந்தார். நாங்கள் கொண்டுபோன பிஸ்கட்டும் ஆப்பிள் துண்டும் கிண்ணத்தில் போட்டோம். தொழிற்சாலை மேஜை உயரம். பிள்ளைகள் பெஞ்சில் முட்டி போட்டு உட்கார்ந்தார்கள். கிண்ணம் சுற்ற ஆரம்பித்தது. வெளியே லாரிகளும் வரிசையாக நிற்க ஆரம்பித்தன. முதல் லாரியின் ஓட்டுநர் உள்ளே வந்து, "என் மீன் திணறுதுய்யா! யாராவது எடுக்கப் போறீங்களா இல்லையா?" என்று கூவினார்.

அப்போதுதான் துரை வந்தார். முகம் வேகவைத்த இறால் நிறம். கதவைத் தள்ளிக்கொண்டு நுழைந்தவர், பிள்ளைகளைப் பார்த்ததும் நின்றுவிட்டார். திட்டுவதற்குத் திறந்த வாய் திறந்தபடியே இருந்தது. அப்போது என் மகள் பெஞ்சில் எழுந்து நின்று, விரலை நீட்டி, நல்ல கணீர்க் குரலில் சொன்னாள்:

"அம்மா! மூணு எடுத்தவரு!"

சிரிப்பு எங்கள் பெஞ்சில் ஆரம்பித்து மேஸ்திரிகள் நிற்கிற மூலைவரை போயிற்று. கர்ட்டிஸ் முதுகைக் காட்டித் திரும்பிக்கொண்டான், தோள் குலுங்கியது. லாரி ஓட்டுநருக்கு விஷயமே தெரியாது, அவரும் சிரித்தார். அன்றிலிருந்து இன்றுவரை அந்த ஆளுக்குப் பெல்ஃபோர்டில் அதுதான் பெயர்.

துரை சிரிக்கவில்லை. என் முன்னால் வந்து நின்றார்.

"உனக்கு என்னதான் வேணும்?"

"எனக்கு ஒண்ணும் வேணாம் சார். அவளுக்குத்தான். அந்தக் கட்டடத்தைத் திருப்பிக் குடுங்க."

"அது வாரியம் முடிவு பண்ணின விஷயம். நான் ஒருத்தன் என்ன பண்ண முடியும்?"

எல்லோரும் ஜன்னல் வழியாக லாரியைப் பார்த்தோம். அவரும் பார்த்தார். ஓட்டுநர் தொட்டிமேல் ஏறி நின்று, வெள்ளை வயிறு மேலே தெரிய மிதந்த மீன்களை வலையால் தள்ளிக்கொண்டிருந்தார்.

துரை ஃபோனை எடுத்துக்கொண்டு வெளியே போனார்.

மறுநாளே வாரியம் அவசரமாகக் கூடியது. அதே ஐந்து கை, அதே வேகத்தில் மேலே போயிற்று. அதே பிணக்காரர் கையும். கட்டடம் பள்ளிக்கே. வாத்துக்காரர்களுக்கு வேறு இடம் பார்ப்பார்களாம். தீர்மானத்தை வாசித்தார்கள், நான் காதைத் தீட்டிக்கொண்டு கேட்டேன். 'வட்டாரத் தொழிலின் உற்பத்தி தடைபடாமல் இருக்கும் பொருட்டு' என்று இருந்தது. பிள்ளை என்ற சொல் ஓர் இடத்திலும் இல்லை. காது இல்லை, பேச்சு இல்லை, சாப்பாட்டு மேஜை இல்லை. எர்லீன் டீச்சர் வருஷக் கணக்காக அவர்களிடம் சொல்லிச் சொல்லித் தொண்டை வற்றிப்போன எதுவும் இல்லை. எங்கள் பிள்ளைகள் பேசினார்கள், எண்ணினார்கள், எழுத்தைப் படித்துக் காட்டினார்கள். யாருடைய கையும் உயரவில்லை. ஒரு லாரி மீன் செத்தது, உயர்ந்துவிட்டது.

"ஜெயிச்சுட்டோம்டி!" என்று டொரெத்தா என்னைக் கட்டிப் பிடித்துத் தூக்கிச் சுற்றினாள். நானும் அவளைக் கட்டிக்கொண்டேன். ஆனால் நெஞ்சு எரிந்துகொண்டேதான் இருந்தது.

பள்ளி திறந்த அன்று காலையில் அமரையாவைக் கூட்டிக்கொண்டு போனேன். எர்லீன் டீச்சர் குட்டி நாற்காலிகளைத் திரும்ப இறக்கிப் போட்டுக்கொண்டிருந்தார். வாசலில் அமரையா என் கோட்டைப் பிடித்து இழுத்தாள்.

"அம்மா, ஏன் மூடினாங்க?"

"அவங்களுக்கு வேற எதுக்கோ வேணும்னு நெனச்சாங்க."

"அப்புறம் ஏன் தொறந்தாங்க?"

என்னென்னவோ சொல்லியிருக்கலாம். நீ நன்றாகப் பேசினாய், அதனால் திறந்தார்கள் என்று சொல்லியிருக்கலாம். அவள் முகத்தைப் பார்த்து எனக்குப் பொய் வரவில்லை.

"மீன் வீணாப்போயிடும்னு," என்றேன்.

அவள் யோசித்தாள். அந்தக் காரணம் அவளுக்குச் சரியாகவே பட்டது. பெரிய மனுஷி மாதிரித் தலையை ஆட்டினாள்.

"ஆமா. வீணாக்கக் கூடாது," என்று சொல்லிவிட்டுப் பையைக் கொக்கியில் மாட்ட உள்ளே ஓடினாள்.

மீனைத்தான் சொன்னாள். நான் அவளைப் பார்த்துக்கொண்டே நின்றேன். தொழிற்சாலைச் சங்கு ஊதியது.